பதினோராம் பெட்டுக்கு ஊசி போட்டாச்சா?

கொரோனா இரண்டாவது அலை அடித்த அந்த நாட்களில் என் இடது தொடைதான் எனக்கு நோட்டுப் புத்தகம். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கொரோனா வார்டில் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை எனக்கு டியூட்டி. தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை சூட், இரண்டு ஜோடி கையுறை, இரண்டு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. உள்ளே போன காகிதம் வெளியே வரக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அதனால் நோயாளிகளின் ஃபைல் எல்லாம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், சுத்தமான அறையில் இருக்கும். அங்கே ஒரு சிஸ்டர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். நாங்கள் உள்ளே இருந்து இன்டர்காமில் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். காய்ச்சல் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, சுகர் எவ்வளவு, எந்த ஊசி போட்டாச்சு, எந்த மாத்திரை பாக்கி, எல்லாம் அந்த ஒரு கம்பி வழியாகத்தான் வெளியே போகும்.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இன்டர்காம் எப்போது எடுத்தாலும் பிஸி. மருந்துக் கடைக்காரன் ஒரு பக்கம், ஐசியூ ஒரு பக்கம், ஆக்சிஜன் ஆட்கள் ஒரு பக்கம். லைன் கிடைக்கும்வரை பதினாறு பேர் விவரத்தை எவள் மனசில் வைத்திருப்பாள்? அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். எல்லோரும் ஒரே மாதிரி பொட்டலமாக இருப்பதால், யார் யாரென்று தெரிய நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பேர் எழுதிக்கொள்வது ஏற்கெனவே வழக்கம். அதே பேனாவால் சூட்டின் தொடையிலும் எழுத ஆரம்பித்தோம். பெட் நம்பர், மருந்து, மணி. லைன் கிடைத்ததும் குனிந்து தொடையைப் பார்த்து ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம். டியூட்டி முடிந்ததும் சூட்டை உட்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். பை எரிக்கப் போய்விடும்.

எல்லோரும் என்னைக் கேட்டது ஒன்றுதான், உனக்கு பயமாக இல்லையா, நோய் ஒட்டிக்கொள்ளாதா என்று. அந்த பயம் பத்து நாளில் பழகிவிட்டது. ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் இருப்பதும் பழகிவிட்டது. பழகாதது ஞாபகம்தான். ஒன்றாம் பெட்டுக்குத் தண்ணீர். நாலாம் பெட் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து நடக்கப் பார்க்கிறார், அவர் மேல் ஒரு கண். ஆறாம் பெட் அம்மாவுக்கு மகளிடம் வீடியோவில் பேச வேண்டும். ஒன்பதைக் குப்புறப் படுக்க வைத்து ஒரு மணி நேரம் ஆயிற்று, திருப்ப வேண்டும். இதெல்லாம் ஒரே மண்டைக்குள் கொதித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் குழம்புக்கு உப்பு போட்டாயா என்று கேட்டார். "போட்டாச்சு, பன்னெண்டு மணிக்கு" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

இதோடு எனக்கு முன்கோபம் வேறு. ஜீவனஹள்ளியில் பிறந்து, குழாயடியில் சத்தம் போட்டுத் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள் நான். இரண்டு மாஸ்க்குக்கு மேலும் என் குரல் வார்டின் அந்தக் கோடிவரை கேட்கும். கல்யாணமாகி காக்ஸ் டவுனுக்கு வந்து இருபது வருஷமாகிறது, குரல் மட்டும் குறையவில்லை.

அன்றைக்கு எனக்கு ஜோடியாக உள்ளே வரவேண்டிய சிஸ்டருக்குக் காய்ச்சல். ஒரு ஆயா அம்மாவும் நானும்தான் பதினாறு பேருக்கும். பன்னிரண்டரைக்கு எல்லோருக்கும் சுகர் பார்த்தேன். பதினோராம் பெட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், மாவு மில் வைத்திருப்பவர். முன்பே சர்க்கரை வியாதி. கொரோனாவுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு அதை இன்னும் ஏற்றிவிட்டிருந்தது. முந்நூற்று எண்பது காட்டியது. டாக்டர் எழுதியபடி பதினாலு யூனிட் இன்சுலின் எடுத்து அவர் வயிற்றில் போட்டேன். தொடையில் எழுதிக்கொண்டேன்.

ஒன்றே முக்காலுக்குத்தான் லைன் கிடைத்தது. ஒப்பிக்க ஆரம்பித்தேன். ஒன்று முதல் பத்து வரை மடமடவென்று சொல்லி, "பதினொண்ணு, சுகர் முன்னூத்தி எண்பது" என்றேன். அதற்குள் நாலாம் பெட்டில் அலாரம் அடித்தது. திரும்பிப் பார்த்தால் மனுஷன் மாஸ்க்கைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு நடக்கிறார். உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்துவிட்டது. ரிசீவரை அப்படியே தொங்கவிட்டு ஓடினேன். அவரைப் பிடித்து, உட்கார வைத்து, மாஸ்க்கை மாட்டி, "நில்லுங்கன்னா நிக்க மாட்டீங்களா?" என்று கத்தி, ஆக்சிஜன் மறுபடி தொண்ணூறைத் தொடுவதற்குள் மணி இரண்டே காலாகிவிட்டது. ஓடி வந்து ரிசீவரை எடுத்து, பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை ஒப்பித்து முடித்தேன்.

மதியம் டியூட்டிக்கு வரும் பெண் அதற்குள் சூட் மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கோலார் தங்கவயல் பெண். தங்கமான குணம், வேலையும் சுத்தம். வழக்கமாக நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு பெட்டாக நடந்து, ஒவ்வொருவரையும் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். அன்றைக்கு என் நிலைமையைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை. "அக்கா, நீங்க போங்க. வேன் போய்டும். எல்லாம் வெளியே ஃபைல்ல இருக்குதில்ல, நான் கேட்டுக்கறேன்" என்றாள். எனக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சரியென்று கிளம்பிவிட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது.

கழற்றும் அறையில் கையுறை, சூட், கண்ணாடி என்று வரிசையாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கை கழுவி, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வேனில் ஏறி உட்கார்ந்தேன். என்னோடு இன்னும் இரண்டு சிஸ்டர்கள். வண்டி நகர்வதற்குள் இருவரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்கள். ஊரடங்கில் ரோடு காலியாகக் கிடந்தது. மற்ற நாட்களில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் ரோடு, அப்போது முக்கால் மணி.

வேனில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கண்ணை மூடி ஒன்றிலிருந்து பதினாறு வரை ஒவ்வொரு பெட்டாக மனசுக்குள் போய்ப் பார்ப்பேன். எல்லாம் செய்தோமா, எல்லாம் சொன்னோமா என்று. டீச்சர் சுற்றுலாவில் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி. பாதியில் தூங்கிவிடுவேன். அன்றைக்கு எப்படியோ பதினொன்று வரை போய்விட்டேன். சுகர் முந்நூற்று எண்பது, சொன்னேன். இன்சுலின் பதினாலு, போட்டேன். போட்டேன், சரி. சொன்னேனா?

என் கை தானாக இடது தொடையைத் தடவியது. சுடிதார் துணிதான் கையில் பட்டது. எழுத்து மஞ்சள் பைக்குள் போய்விட்டது.

எங்கள் தொழிலில் எழுதாதது செய்யாததற்குச் சமம். ஃபைலில் சுகர் முந்நூற்று எண்பது என்று இருக்கும். பக்கத்தில் இன்சுலின் கட்டம் காலியாக இருக்கும். அதைப் பார்க்கிற எந்த நல்ல நர்சும் என்ன செய்வாள்? ஐயோ, போடாமல் விட்டுவிட்டார்களே என்று உடனே பதினாலு யூனிட் எடுத்துப் போடுவாள். நானாக இருந்தாலும் போடுவேன். இருபத்தெட்டு யூனிட் உள்ளே போன மனுஷன், மதியச் சாப்பாட்டில் இரண்டு ஸ்பூன் தாண்டாதவர், என்ன ஆவார்? சுகர் சரசரவென்று இறங்கும். வேர்க்கும். காய்ச்சல் விடுகிறது என்று நினைப்பார்கள். கண் சொருகும். தூங்குகிறார் என்று நினைப்பார்கள். மாஸ்க்குக்கு அடியில் யாருக்கு என்ன தெரியும்?

அதைவிட மோசமான ஒன்றும் அப்போது தோன்றியது. அவர் போய்விட்டால் கொரோனாவால் போனார் என்று எழுதிவிடுவார்கள். ஒருத்தரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அண்ணா! வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினேன். பாதி தூரம், டின் ஃபேக்டரி ஸ்டாப் தாண்டிவிட்டிருந்தது.

வேன் ஓட்டும் அண்ணன் சிவாஜிநகர்க்காரர், நிதானமான மனுஷர். "என்னா சிஸ்டர், எதுனா மறந்துட்டீங்களா?"

"ஒரு ஊசிண்ணா."

"ஊசிதானே? நாளைக்கு எட்த்துக்கலாம், உடுங்க."

"அண்ணா, திருப்புங்கண்ணா! ஒரு ஆளு உயிரு!"

அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பிவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த சிஸ்டர்களில் ஒருத்தி விழித்து, "என்னாச்சு? போட்டியா, போடலியா?" என்றாள்.

"போட்டேன்."

"அப்புறம் என்ன?"

"சொல்லல. எழுதல."

அவளுக்கு அந்த இரண்டு சொல் போதும். தூக்கம் பறந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

வார்டுக்கென்று ஒரு செல்போன் உண்டு, வெளி அறையில் இருக்கும். அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. இரண்டரையிலிருந்து நாலு வரை நோயாளிகளின் வீட்டார் நிலவரம் கேட்கும் நேரம், லைன் கிடைக்காதென்று தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் நம்பருக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். மதியமானால் ஆக்சிஜன் மீட்டிங்கில் உட்கார்ந்துவிடுவார். உள்ளே இருக்கும் பெண்ணிடம் செல்போன் இருக்காது. டியூட்டிக்கு உள்ளே போகிற யாரும் எடுத்துப் போகக்கூடாது. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், இத்தனை ஐடி கம்பெனிகளுக்கு நடுவில், ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வழியில்லை.

மாதாவே, அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது, இனிமேல் சத்தியமாக யாரையும் பார்த்துக் கத்த மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். நடுவில் ஒரு இடத்தில் போலீஸ் தடுப்பு. அந்த அண்ணன் கண்ணாடியை இறக்கி, "ஆஸ்பத்திரி சார், எமர்ஜென்சி, பிடி சார், விட்டுடுங்க!" என்று கன்னடமும் தமிழுமாக ஒரு கத்து கத்தினார். அவ்வளவு நிதானமான மனுஷர். விட்டுவிட்டார்கள்.

வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நாலு மாடியும் படியில் ஏறினேன். ஏறும்போதும் கை அந்த நம்பரை அடித்துக்கொண்டேதான் இருந்தது. மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியதில் ஒரு நிமிஷம் கட் பண்ணினேன். நாலாம் மாடிக்குப் போய், வெளி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறேன், என் கையிலிருந்த போன் மணி அடிக்கிறது. எதிரே மேசையில், மதியம் ஃபைல் எழுதும் சிஸ்டர் வார்டு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். கையிலிருக்கும் போனைப் பார்த்தாள்.

"அய்யோ தேவரே! எஷ்டு தடவ கூப்பிடறது உங்கள? எப்பப் பாரு பிஸி, பிஸி! யார்கூட அவ்ளோ நேரம் மாத்தாடறீங்க?" என்றாள். மைசூர்ப் பக்கத்துப் பெண் அவள், அவசரம் வந்தால் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும்.

நான் அவளைக் கூப்பிட, அவள் என்னைக் கூப்பிட, இரண்டு பேருக்கும் பிஸி.

"பதினொண்ணு! பதினொண்ணுக்கு இன்சுலின் போட்டாச்சா?" என்றேன். மூச்சு இரைத்தது.

"அதத்தான் நான் உங்கள கேக்கணும்னு அரை மணி நேரமா அடிக்கறேன்! நீங்க போட்டீங்களா இல்லியா?"

"நான் போட்டேன்! பதினாலு! உள்ள இருக்கறவ போட்டாளா?"

"போடல. பர்வாகில்ல, உக்காருங்க. அவரு போட விடல."

நாற்காலி இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கவயல் பெண் வந்து நின்று, இன்டர்காமை எடுத்தாள். இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"அக்கா, நான் ஊசியோட போயிட்டேன். அவரு ரெண்டு கையாலயும் வயித்த மூடிக்கினாரு. பயப்படறாருன்னு நெனச்சு, சின்ன ஊசிதான் சார், எறும்பு கடிச்சாமாதிரின்னு சொன்னேன். கைய எடுக்கவே மாட்டேங்கறாரு. எனக்கும் கோவம் வந்துட்ச்சு. மாஸ்க்க கொஞ்சம் தூக்கி, 'ஆச்சும்மா, ஆச்சு'ங்கறாரு. இங்கதான் எல்லாருமே ஊசின்னா ஆச்சுன்னுவாங்களே, நான் நம்பல. அப்புறம் ரெண்டு கையும் விரிச்சு பத்து காட்டினாரு. ஒரு கையில நாலு காட்டினாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்ச்சுக்கா. எந்தப் பேஷண்ட்டுக்கு யூனிட் கணக்கு தெரியும்?"

அதற்கு மேல் அவள் அவசரப்படவில்லை. மறுபடி விரலில் குத்தி சுகர் பார்த்திருக்கிறாள். இருநூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. இன்சுலின் உள்ளே போகாமல் அப்படி இறங்காது. ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்னிடம் கேட்டு உறுதி செய்யச் சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் இவ்வளவு போன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. பிறகு கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "ஒரு போன எடுக்க இவ்ளோ நேரமா? வேற போனே இல்லியா இந்த ஆஸ்பத்திரில?" என்று கத்தினேன். மாதாவிடம் கொடுத்த வாக்கு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. மைசூர்க்காரி ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஒரு லிட்டரையும் ஒரே மூச்சில் குடித்தேன். காலையிலிருந்து தொண்டை நனையவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. போன வாரம் நான் உள்ள டியூட்டில இருந்தப்போ, மூணுக்குப் போட வேண்டிய ஆன்டிபயாட்டிக்க போடாமலே போட்டாச்சுன்னு எழுதவெச்சுட்டேன். வீட்டுக்குப் போய் சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. போன் பண்ணிச் சொன்னேன், அப்புறம் போட்டாங்க. அன்னிக்கி ஊட்டா, ஒரு வாய் சோறு எறங்கல" என்றாள்.

அதைக் கேட்டு வருத்தப்பட வேண்டும். எனக்கு என்னவோ அப்படியொரு நிம்மதி. ஆக நான் ஒருத்தி மட்டும் கிறுக்கில்லை. அவளும் வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பெட் நம்பர் எண்ணுகிறாள். வேனில் காத்திருந்த அந்த இரண்டு பேரும் எண்ணுகிறவர்கள்தான். கீழே இறங்கிப் போனதும் இருவரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். வேன் ஓட்டும் அண்ணன் இரண்டு கையையும் மேலே தூக்கி அல்லாவுக்கு நன்றி சொன்னார். "ஏறுங்க சிஸ்டர், இந்தத் தடவ எதுவும் மறக்கலியே?" என்றார். எல்லோரும் அப்படிச் சிரித்தோம். அன்றைக்கு வீடு போய்ச் சேர ஐந்தாகிவிட்டது. ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக நடந்ததை ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதி சூப்பரின்டெண்டெண்ட் அம்மாவிடம் கொடுத்தேன். மெமோ வரும் என்று தயாராகத்தான் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதே மாதிரி இன்னும் எத்தன பேரு வீட்டுக்குப் போயும் தூங்காம இருக்கீங்க?" என்று கேட்டார். "எல்லாரும்தான் மேடம்" என்றேன். அன்று மதியத்துக்குள்ளேயே வார்டின் உள்பக்கம், கண்ணாடியைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய வெள்ளைப் பலகையை நிறுத்திவிட்டார். உள்ளே நாங்கள் எழுத எழுத, வெளியே இருப்பவர் கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியது. இன்டர்காம் வேண்டாம், தொடை வேண்டாம். இவ்வளவுதான் விஷயம்! இந்தப் பலகை இத்தனை நாள் மாடியில் மீட்டிங் அறையில் சும்மா கிடந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அதை நன்றாகத் துடைத்து, முதல் ஆளாக எழுதியவளும் நான்தான்.

அன்று காலை சூப்பரின்டெண்டெண்டிடம் சொல்லிவிட்டு வார்டுக்குள் போனதும் நேராகப் பதினோராம் பெட்டுக்குத்தான் போனேன். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாளைவிட மூச்சு கொஞ்சம் சுலபமாக இருந்தது. பக்கத்தில் குனிந்து, "சார், நேத்து தப்பு என்னுது. போட்டத நான் எழுத வைக்கல. நீங்க மட்டும் தடுக்கலன்னா..." என்றேன்.

அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். மூச்சு விட்டு விட்டுத்தான் பேசினார். "நீங்க போடும்போதே சொல்லிக்கினே போட்டீங்க. பதினொண்ணு, இன்சுலின் பதினாலு, பன்னெண்டே முக்கால்னு. சத்தமா."

தொடையில் எழுதும்போது என் வாயும் சேர்ந்து முணுமுணுத்திருக்கிறது. முணுமுணுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் குரலுக்கு முணுமுணுப்பு ஏது? அந்த வரிசைக்கே கேட்டிருக்கும்.

"கேட்டீங்க, சரி. எதுக்கு அத ஞாபகம் வெச்சீங்க?"

"உங்களுக்குப் பதினாறு பேரு. எல்லாரையும் நீங்க மனசுல வெச்சுக்கணும். எனக்கு நான் ஒருத்தன்தான? இங்க படுத்துனு எனக்கு வேற என்னா வேல?"

"மாஸ்க்க போடுங்க மொதல்ல" என்று அதட்டிவிட்டு நகர்ந்தேன். கண்ணாடிக்குள் கண் கலங்கினால் துடைக்க முடியாது. அது காயும்வரை ஒன்றும் தெரியாமல் தடவித் தடவித்தான் நடக்க வேண்டும். அன்றைக்கு அப்படித்தான் நடந்தேன். மனசு மட்டும் லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு பேசவும் கேட்கவும் முடிந்த எல்லோரிடமும், என்ன கொடுத்தாலும் சொல்லிவிட்டே கொடுத்தேன். "அம்மா, இது காய்ச்சல் மாத்திரை, காலைக்கு ஒண்ணு, ஞாபகம் வெச்சுக்கங்க." சிலர் வைத்துக்கொண்டார்கள், சிலருக்கு முடியவில்லை. பதினோராம் பெட்காரர் ஒரு படி மேலே போனார். பக்கத்துப் பன்னிரண்டாம் பெட்டுக்குக் காது கேட்காத ஒரு பெரியவர் வந்திருந்தார். பாதி நேரம் மயக்கம் மாதிரித் தூக்கம். அவருக்கு நான் ஏதாவது கொடுத்தால் பதினொன்றின் தலை இந்தப் பக்கம் திரும்பும். ஒரு நாள் காலையில் அவசரத்தில் பன்னிரண்டைத் தாண்டிப் போனேன். பின்னாலிருந்து கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம். திரும்பினால், பெரியவரைக் காட்டி ஒரு விரலை ஆட்டுகிறார். பலகையைப் பார்த்தேன். அவருடைய மாத்திரை பாக்கிதான். வார்டு மேஸ்திரி என்று அவரைக் கேலி செய்தேன். அவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெரியவரும் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பதினொன்று முதலில் கிளம்பியது. அன்றைக்குக் காலை ஆக்சிஜன் இல்லாமலே தொண்ணூற்று ஆறு. கீழே மகன் வண்டியோடு நிற்கிறான். சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. ஆயா அம்மா தள்ள ஆரம்பித்தார். அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"சிஸ்டர், பன்னெண்டு."

எனக்கு முதலில் புரியவில்லை. "என்ன பன்னெண்டு? உங்க பேப்பரெல்லாம் வெளிய குடுத்தாச்சு, கிளம்புங்க" என்றேன்.

"அவரு காலைல கஞ்சி பாதிதான் குடிச்சாரு. மாத்திர ரெண்டும் ஆச்சு. ஊசி எட்டு யூனிட், ஆச்சு. மத்தியானத்துது பாக்கி. தண்ணி வேணும்னா கேக்க மாட்டாரு, உதட்ட நக்குவாரு. அப்பப் பாத்துக் குடுக்கணும்."

டியூட்டி மாறும்போது நாங்கள் ஒருத்தர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஒப்படைத்ததாகக் கணக்கு. அதை அவர் படுத்த படுக்கையில் எத்தனை தடவை பார்த்தாரோ. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி நகரவில்லை.

நான் நேராக நின்று திருப்பிச் சொன்னேன். "பன்னெண்டு. கஞ்சி குடிச்சாரு..."

"பாதி."

"கஞ்சி பாதி. மாத்திர ரெண்டும் ஆச்சு. ஊசி எட்டு, ஆச்சு. மத்தியானத்துது பாக்கி. உதட்ட நக்கினா தண்ணி."

அவர் தலையை ஆட்டினார். "சரி, இனிமே நீங்க பாத்துக்குங்க" என்றார். பிறகுதான் ஆயா அம்மாவிடம் நாற்காலியைத் தள்ளச் சொன்னார்.